முடிச்சு அவிழும் வாரம்

"அப்பாவுக்கு 66 வயது. கண் அழுத்த நோயான கிளாக்கோமாவுக்காக வலது கண்ணில் 'ஆடி' குழாய் வைத்து நான்கு வாரம் ஆகிறது. அழுத்தம் இன்னும் 28. சுவிட்சர்லாந்தில் காந்தத்தால் திருகி அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி வந்துவிட்டதாமே, அவசரப்பட்டுவிட்டோமா? செல்போன், எம்.ஆர்.ஐ. ஸ்கேன், பக்கவாட்டில் படுப்பது இவற்றால் குழாய்க்கு ஆபத்து உண்டா? மாத்திரையால் விரல்கள் மரத்துப்போகின்றன. பலனில்லை என்று மூன்று நாளாகச் சொட்டு மருந்தை நிறுத்திவிட்டார். இணையத்தில் தேன் விடச் சொல்கிறார்கள்." – வாசகி, திண்டுக்கல்

அறுவை சிகிச்சை தோற்கவில்லை. குழாய் இன்னும் திறக்கவே இல்லை. இதை யாராவது உங்களுக்கு முதலிலேயே சொல்லியிருந்தால் சுவிட்சர்லாந்து வரை போயிருக்க மாட்டீர்கள்.

'ஆடி' என்பது மதுரை ஆரோலேப் நிறுவனம் 2013 முதல் தயாரிக்கும் வடிகுழாய். 350 சதுர மில்லிமீட்டர் சிலிகோன் தட்டு ஒன்றைக் கண்ணை அசைக்கும் தசைகளுக்கு அடியில் செருகி, அதிலிருந்து வரும் குழாயின் நுனியைக் கண்ணுக்குள் விட்டிருப்பார்கள். இதில் வால்வு கிடையாது. கண்ணுக்குள் அழுத்தத்தை உண்டாக்கும் நீர் (கண்ணீர் அல்ல) சுரப்பதோ நிமிடத்துக்கு ஏறத்தாழ 2.5 மைக்ரோலிட்டர்; ஒரு சொட்டு சேரவே கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். குழாயை முதல் நாளே திறந்துவிட்டால் சுரப்பதெல்லாம் ஓடிப்போய்க் கண் தொய்ந்துவிடும். அதனால்தான் கரையும் நூலால் குழாயை இறுகக் கட்டிவிடுகிறோம். நூல் கரைய ஐந்து, ஆறு வாரம் ஆகும். அதற்குள் தட்டைச் சுற்றி உடம்பே ஒரு திசு உறையைக் கட்டிக்கொள்ளும். பிறகு நீரை அளவோடு கசியவிடுவது அந்த உறைதான்.

அதுவரை கண்ணைக் காப்பது சொட்டு மருந்தும் மாத்திரையும்தான். அதில் சொட்டு மருந்தைத்தான் உங்கள் அப்பா நிறுத்தியிருக்கிறார்! பார்வை நரம்பில் செத்த இழை திரும்ப முளைக்காது. இன்றே பழைய அளவில் தொடங்கச் சொல்லுங்கள். நாளை போய் அழுத்தத்தை அளந்துகொள்ளுங்கள். தேனைப் பற்றிப் பேசவே எரிச்சலாக இருக்கிறது. தையல் ஆறாத கண்ணில் சமையலறைப் பொருளை ஊற்றுவது கிருமிக்குக் கதவைத் திறந்துவிடுகிற வேலை.

சுவிஸ் கருவி பொய்யில்லை. லோசானில் உருவான ஐவாட்ச் என்ற கருவி அது. உள்ளே ஒரு காந்த வட்டு இருக்கிறது. வெளியே மருத்துவர் பேனா போன்ற ஒரு காந்தத்தைப் பிடித்து அதைத் திருப்பினால், அது குழாயை நசுக்கும் அல்லது தளர்த்தும். நூல் எப்போது அவிழும் என்று காத்திருக்காமல் நாமே கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கலாம் என்பது அதன் அழகு. ஆனால் தட்டைச் சுற்றிய உறை தடித்துப்போனால், முழுக்கத் திறந்துவிட்டாலும் அழுத்தம் இறங்காது. நன்றாகக் கட்டிய குழாயைப் பிடுங்கிவிட்டு அதை வைக்க எந்தக் காரணமும் இல்லை.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்குக் கவலை. உங்கள் பயமெல்லாம் அழுத்தம் இறங்கவில்லையே என்பதில் இருக்கிறது. நான் பயப்படுவது அது ஒரேயடியாக இறங்கும் நாளைப் பற்றி. முடிச்சு அவிழும்போது 28 ஒரே இரவில் 4, 5 என்று ஆகிவிடலாம். அப்போது விழித்திரைக்குப் பின்னால் இரத்தக்குழாய்கள் நிறைந்த படலத்தின் அடியில் நீர் கோத்துக்கொள்ளும். பார்வை ஆவி படிந்த கண்ணாடிபோல் மங்கும். ஓரத்தில் நிழல் தெரியலாம். கண் மந்தமாக வலிக்கும்.

இதே போல வலது கண்ணில் குழாய் வைத்துக்கொண்டு என்னிடம் வரும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் தினமும் காலையில் இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரைப் படிப்பார். அறுவைக்குப் பின் 39ஆம் நாள் ஓடி வந்தார். "நேற்று ராகு காலம் படித்தேன், இன்று தேதியே கலங்குகிறது" என்றார். அழுத்தம் 3. அதுவரை போட்ட அழுத்தக் குறைப்பு மருந்துகளை நிறுத்தி, வேறு சொட்டுகள் கொடுத்தேன். மூன்று வாரத்தில் ராகு காலம் திரும்பியது. அழுத்தம் 13இல் நின்றது. இரண்டு கண்ணையும் திறந்து பார்த்திருந்தால் அவருக்குத் தெரிந்தே இருக்காது. நல்ல கண் எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

உங்கள் அப்பாவும் நாளைக் காலையிலிருந்து அதைச் செய்யட்டும். ஐந்தாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரை பார்வை மங்கினால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். மங்காவிட்டாலும் வாரம் ஒருமுறை அழுத்தம் பார்க்க வேண்டும்; குழாய் திறந்த பிறகும் எல்லாச் சொட்டுகளையும் போட்டுக்கொண்டிருந்தால் அழுத்தம் மேலும் கீழே போகும். எதை எப்போது நிறுத்துவது என்பதை அளந்து பார்த்தவர் சொல்லட்டும். திடீரெனத் தாங்க முடியாத வலியும் வாந்தியும் வந்து பார்வை போனால், கண்ணுக்குள் இரத்தம் கசிந்திருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், நள்ளிரவானாலும் கிளம்புங்கள்.

மற்றவை சில்லறை. 'ஆடி'யில் உலோகம் இல்லை, செல்போனும் எம்.ஆர்.ஐ.யும் அதை ஒன்றும் செய்யாது. எந்தப் பக்கம் வேண்டுமானாலும் படுக்கலாம், அந்தக் கண் தலையணையில் அழுந்தாமல் இருந்தால் போதும். விரல் மரத்துப்போவது அசிட்டசோலமைடு மாத்திரையின் வழக்கமான வேலை, பக்கவாதம் அல்ல. இந்த வாரங்களில் மூட்டை தூக்க வேண்டாம். இருமலோ மலச்சிக்கலோ இருந்தால் மருத்துவரிடம் சொல்லி மருந்து வாங்கிக்கொள்ளுங்கள், முக்குவது கண்ணுக்கு ஆகாது.

இதயத்துக்காக, இரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரினோ குளோபிடோக்ரெல்லோ சாப்பிடுகிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. சாப்பிட்டால் நாளை போகும்போது அந்தச் சீட்டையும் எடுத்துப்போய்க் காட்டுங்கள். அதையும் அவராகவே நிறுத்திவிடப் போகிறார், பார்த்துக்கொள்ளுங்கள்.