அம்மாவுக்கு வீட்டுக்குள்ள மெத்து மெத்துன்னு ஸ்லிப்பர் வாங்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 74 வயசு, சுகர் இருக்கு. டைல்ஸ் தரையில வெறும் சாக்ஸ் போட்டுட்டுதான் நடப்பாங்க, ரெண்டு தடவை வழுக்கிடுச்சு. நல்லா மெத்துன்னு ஒரு ஸ்லிப்பர் வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்: முதல்ல அந்த சாக்ஸை நிறுத்துங்க, பளபளன்னு இருக்கற டைல்ஸ்ல துணிக்கு பிடிமானமே கிடையாது. அதுக்காக வெறுங்காலோடவும் விடாதீங்க, சுகர் இருக்கறவங்களுக்கு கால்ல ஏதாவது குத்தினாகூட சில சமயம் தெரியாது.

மெத்துன்னு இருந்தா காலுக்கு சுகம்தான், ஆனா பாதம் தரையை உணரணும். தரை சமமா இருக்கா சாய்வா இருக்கான்னு பாதத்து நரம்புங்கதான் மூளைக்கு சொல்லிட்டே இருக்கும், வயசாக ஆக அந்த உணர்வு குறையும், சுகர் இருந்தா இன்னும் குறையும், அதுக்கு நடுவுல தடியா ஒரு ஸ்பாஞ்சையும் வச்சா கால் எங்க ஊனுதுன்னே சரியா தெரியாம போயிடும். அதனால சோல் மெலிசா, கெட்டியா, அடியில நல்ல கிரிப்போட இருக்கணும், குதிகால் உயரம் 2.5 செ.மீ.க்கு மேல வேண்டாம்.

என்னைக் கேட்டா அதைவிட முக்கியம் பின்பக்கம். சும்மா நுழைச்சுட்டுப் போற மாடல்னா, அது கழண்டுடாம இருக்க விரலை மடக்கி இறுக்கிட்டே தேய்ச்சு தேய்ச்சு நடப்பாங்க, கவனிச்சுப் பாருங்க, பாதம் தரையை விட்டு சரியா எழும்பாது, ஒரு மிதியடி ஓரமே போதும் தடுக்கி விட. குதிகாலை மூடி, மேல வெல்க்ரோ பட்டை வச்சதா எடுங்க. வாங்கறப்ப பின்பக்கத்தை கட்டைவிரலால அழுத்திப் பாருங்க, பொசுக்குன்னு மடங்கினா வேண்டாம். சாயங்காலம் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அப்ப நிக்க வச்சு அளவு பாருங்க, நீளமான விரலுக்கு முன்னாடி சுமார் 1 செ.மீ. இடம் இருக்கணும். சோல் தேய்ஞ்சுட்டா உடனே மாத்திடுங்க. (பார்க்கின்சன்னு சொல்ற நடுக்கவாதம் மாதிரி பிரச்சனையால காலை இழுத்து நடக்கறவங்களுக்கு கிரிப் அதிகமானா கால் தரையில மாட்டிக்கும், அவங்க பிசியோதெரபிஸ்டைக் கேட்டுட்டு வாங்கறது நல்லது.)

ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்திரிக்கறப்ப செருப்பு கட்டிலோரமா கை எட்டற இடத்துல இருக்கணும், உட்கார்ந்துட்டே மாட்டட்டும், ஒரு நிமிஷம் கழிச்சு எழுந்திரிக்கட்டும்.

ஆனா செருப்பை மட்டும் மாத்திட்டு இருந்துடாதீங்க, ரெண்டு தடவை வழுக்கியிருக்குன்னு டாக்டர்கிட்ட அவசியம் சொல்லுங்க. எழுந்து நிக்கறப்ப பிரஷர் இறங்குதா, பாதத்துல உணர்வு எப்படி இருக்கு, கண்பார்வை சரியா இருக்கா, தூக்க மாத்திரை ஏதாவது தள்ளாட வைக்குதான்னு அவர் பார்த்துடுவார்.