மச்சினன் பங்கையும் என் கார்டில் போட்டு பாங்காக் போகலாமா?

கேள்வி: ஈரோட்டில் தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வயது 39. கைக்கு வரும் சம்பளம் 78,000 ரூபாய். மனைவி பள்ளி ஆசிரியை, அவருக்கு 18,000. வீட்டுக் கடன் தவணை 24,500. கிரெடிட் கார்டில் மூன்று இஎம்ஐ ஓடுகிறது, மொத்தம் 11,300. ஒன்று மாமியாரின் கண் ஆபரேஷன். மற்ற இரண்டும் ஐந்து மாதத்தில் முடியும்: போன வருஷம் இரண்டு குடும்பமும் ஊட்டி போன செலவு (மச்சினனின் பாதி 21,000 இன்னும் வரவில்லை), அவருக்கு என் கார்டில் வாங்கிய 36,000 ரூபாய் செல்போன் (மாசம் 3,000 என்று இரண்டு மாதம் கொடுத்தார்). குடும்பச் செலவும் ஸ்கூல் ஃபீஸும் 42,000, எஸ்ஐபி (மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் போடுவது) 5,000. இப்போது காலாண்டு விடுமுறைக்கு பாங்காக் பேக்கேஜ் ஒன்றை மச்சினன் பேசி வைத்திருக்கிறார். நாங்கள் நான்கு பேர், மாமியார், அவர் குடும்பம் மூன்று பேர். ஆளுக்கு 62,000. "மாமா, இப்போ மொத்தமா நீங்க போட்டுருங்க, என் பங்கை மாசாமாசம் கொடுத்துடறேன்" என்கிறார். ஏஜென்ட் "இப்போது போங்க, அப்புறம் கட்டுங்க" என்ற திட்டத்தில் 16 சதவீத வட்டிக்கு 24 மாதத் தவணை தருகிறார். அதை எடுக்கவா, 1.5 லட்சம் எஃப்டியை உடைத்து மீதிக்கு மட்டும் தவணை போடவா? மறுத்தால் மாமியார் வீட்டில் சங்கடம் வருமோ என்று பயமாகவும் இருக்கிறது.

பதில்: இரண்டும் வேண்டாம். பாங்காக் போங்கள், ஆனால் அடுத்த வருஷம் காலாண்டு விடுமுறைக்கு, மாமியாரோடு சேர்த்து உங்கள் ஐந்து பேருக்கான பணத்தோடு. அவசர நிதி, காப்பீடு பற்றியெல்லாம் கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்குக் கெடுதல் செய்வது ஒரே ஒரு பழக்கம்தான். அடுத்தவர் பங்கை உங்கள் கார்டில் போட்டுவிட்டு, அதைக் கடன் என்று வாய்விட்டுச் சொல்லாமல் இருப்பது.

எட்டுப் பேருக்கு 4,96,000. 16 சதவீதத்தில் 24 மாதம் என்றால் தவணை சுமார் 24,300, கட்டி முடிக்கும்போது 5,83,000. வட்டி மட்டும் 87,000, அதாவது ஒருவருடைய பேக்கேஜ் விலையைவிட அதிகம். வீட்டுக் கடன், பழைய இஎம்ஐ, இது மூன்றும் சேர்ந்தால் மாதம் 60,100. உங்கள் இருவர் சம்பளம் 96,000. மிச்சம் 35,900. குடும்பச் செலவே 42,000 என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எஸ்ஐபியை நிறுத்தினாலும் மாதம் 6,100 துண்டு விழும். மச்சினன் தன் பங்கான 9,100 ரூபாயை மாதம் தவறாமல் கொடுத்தால்தான் குடும்பம் ஓடும். 3,000 ரூபாய் தவணையை இரண்டு மாதத்தில் நிறுத்தியவரை நம்பி இந்தக் கணக்கைப் போட முடியுமா?

எஃப்டியை உடைத்தால் தவணை 17,000க்கு இறங்கும். அப்போதும் எஸ்ஐபியை நிறுத்தினால்தான் கையில் ஆயிரத்துச் சொச்சம் நிற்கும், பின்னால் ஒரு ரூபாய் கூட இருக்காது. வயதான மாமியாரும் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும் உள்ள வீட்டில் இதை எப்படி ஒப்புக்கொள்வது?

உங்கள் மச்சினன் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. கேட்டால் கிடைக்கிறது, கொடுக்காவிட்டால் யாரும் கேட்பதில்லை. யாராக இருந்தாலும் அப்படித்தான் பழகுவார்கள். ஆனால் வங்கியைப் பொறுத்தவரை அந்த எட்டுப் பேர் கடனும் உங்கள் ஒருவர் கடன். தவணை தவறினால் கெடுவது உங்கள் சிபில் ஸ்கோர். பேக்கேஜ் விற்பவரே முன்கூட்டிப் பிடிக்கும் டிசிஎஸ் வரியும் உங்கள் பான் எண்ணில்தான் ஏறும். அதைக் கணக்குத் தாக்கல் செய்து சரிக்கட்டிக்கொள்ளலாம். இன்னொன்று, ஒரு நிதியாண்டில் தனக்காகவோ வேறு யாருக்காகவோ வெளிநாட்டுப் பயணத்துக்கு 2 லட்சத்துக்கு மேல் செலவழித்தால் வருமான வரிக் கணக்குத் தாக்கல் கட்டாயம். மச்சினன் ஊர் சுற்றிய செலவும் உங்கள் பெயரில்தான் பதிவாகும்.

ஊட்டியில் 21,000, போனில் 30,000. வர வேண்டியது 51,000. பாங்காக்குக்கு ஒருவருக்கு உண்மையில் எவ்வளவு ஆகும் என்று கீழே போட்டிருக்கிறேன். ஏறக்குறைய அதே தொகைதான்.

நீங்கள் அனுப்பிய பேக்கேஜ் தாளையும் படித்தேன். நான்கு இரவில் இரண்டு பட்டாயாவில் போகிறது. பாங்காக்குக்கு ஒன்றரை நாள்தான், அதிலும் ஒரு பொழுது ரத்தினக் கல் ஷோரூமில். மதிய உணவு உங்கள் செலவு, அரண்மனை டிக்கெட்டும் உங்கள் செலவு. பெரிய அரண்மனையைப் பார்க்க வேண்டும் என்று மாமியார் ஆசைப்படுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தாளில் அரண்மனையே "நேரமிருந்தால்" என்றுதான் இருக்கிறது!

நீங்களே ஏற்பாடு செய்தால் என்ன ஆகும்? தாய்லாந்து நாணயமான பாட் ஒன்றுக்கு 3 ரூபாய் என்று வைக்கிறேன். சென்னையிலிருந்து நேரடி விமானம், முன்கூட்டி எடுத்தால் போகவர ஆளுக்கு 20,000 என்று கொண்டால் ஐந்து பேருக்கு ஒரு லட்சம். ஹோட்டல் 1,600 பாட் வாடகையில் இரண்டு அறை, நான்கு இரவுக்கு 38,400. சாப்பாடு ஆளுக்கு நாளுக்கு 500 பாட், ஐந்து நாளைக்கு 37,500. உள்ளூர்ப் போக்குவரத்து 11,000 சொச்சம். பெரிய அரண்மனைக்கு 500 பாட், வாட் போ கோயிலுக்கு 300, வாட் அருண் கோயிலுக்கு 200 என்று நுழைவுக் கட்டணம் ஐந்து பேருக்கும் 15,000. பயணக் காப்பீடு 6,000, சென்னை போய்வர 8,000, கடைச் செலவுக்கு 25,000. மொத்தம் 2.4 லட்சம், ஆளுக்கு 48,000. பேக்கேஜில் இதே ஐந்து பேருக்கு 3.1 லட்சம், மதியச் சாப்பாடும் டிக்கெட்டும் கடைச் செலவும் தனி.

ஹோட்டலை பிடிஎஸ் என்கிற மேல்தட ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பிடியுங்கள். அறை கொஞ்சம் விலை கூடினாலும் டாக்சியில் மிச்சமாகும். சுவர்ணபூமி விமான நிலையத்திலிருந்து நகருக்குள் இருக்கும் பயா தாய் நிலையம் வரை ரயிலுக்கு ஆளுக்கு 45 பாட்தான். பழைய நகரத்துக்குச் சாவ் பிரயா ஆற்றில் ஆரஞ்சு கொடி படகில் போங்கள், 16 பாட். சாலை நெரிசலில் மாட்ட வேண்டாம், பிள்ளைகளுக்கும் பிடிக்கும். அரண்மனை காலை 8.30க்குத் திறக்கும், அப்போதே போய்விடுங்கள். காலாண்டு விடுமுறை நேரம் அங்கே மழைக்காலம், மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல் பிடித்துக்கொள்ளும். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். வாசலுக்கு அருகே யாராவது வந்து "இன்று அரண்மனை மூடல், வாருங்கள் வேறு இடம் காட்டுகிறேன்" என்று டுக்டுக்கில் ஏற்றப் பார்த்தால் ஏறாதீர்கள். கடைசியில் நகைக் கடையில்தான் கொண்டு போய் இறக்குவார்கள்.

மாமியார் சைவம் என்கிறீர்கள். கவலை வேண்டாம். சிலோம் சாலையில் 19ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது, நவராத்திரி அங்கே பெரிய விழா. அந்தப் பக்கமும் பாஹுரத் பகுதியிலும் நம் சாப்பாடு கிடைக்கும். பெரும்பாலும் அதே நாட்களில் சீன வம்சாவளியினரின் சைவ நோன்புத் திருவிழாவும் வரும். மஞ்சள் கொடி தொங்கும் கடைகளில் சைவம்தான் சமைப்பார்கள், பூண்டு, வெங்காயம் கூடச் சேர்க்க மாட்டார்கள்.

பணம் எப்படிச் சேரும்? இப்போது எல்லாம் போக உங்களிடம் மாதம் 13,200 நிற்கிறது. ஐந்து மாதத்துக்கு 66,000. ஊட்டியும் போனும் முடிந்ததும் 7,100 விடுபடும், அப்புறம் ஏழு மாதம் 20,300 வீதம் 1,42,000. தீபாவளி போனஸில் 40,000 ஒதுக்கினால் 2.48 லட்சம். வங்கியில் ஆர்டியாகப் போடுங்கள், போதும். ஒரு வருஷத்தில் எடுக்க வேண்டிய பணத்துக்கு சிறு நிறுவனப் பங்குகளில் போடும் ஸ்மால் கேப் ஃபண்டும் வேண்டாம், ஏஜென்ட்கள் இப்போது விற்கிற "ஹாலிடே கிளப்" மெம்பர்ஷிப்பும் வேண்டாம். விமான நிலைய லவுஞ்ச் இலவசம் என்று இன்னொரு கார்டு வாங்கச் சொன்னாலும் வாங்காதீர்கள். உங்களிடம் கார்டு குறைவாக இல்லை.

இருக்கிற கார்டை அங்கே தேய்க்கும்போது "ரூபாயா, பாட்டா" என்று இயந்திரம் கேட்டால் பாட் என்றே சொல்லுங்கள். ரூபாயைத் தேர்ந்தால் மோசமான மாற்று விகிதம் விழும். பல கார்டுகளில் 3.5 சதவீதமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் எப்படியும் பிடிப்பார்கள். ஏடிஎம்மில் ஒவ்வொரு முறைக்கும் அங்குள்ள வங்கி 200 பாட்டுக்கு மேல் தனிக் கட்டணம் எடுக்கும், அதனால் சில்லறை சில்லறையாக எடுக்காதீர்கள்.

இனி மச்சினனிடம் பேசுவது. மனைவியிடம் முதலில் இந்தக் கணக்கைக் காட்டுங்கள், அவர் தம்பி விஷயம் அவருக்குத் தெரியாமல் முடிவாகக் கூடாது. பிறகு நேரில் சொல்லுங்கள்: "மாப்ளே, அடுத்த வருஷம் போலாம். தேதி சேர்ந்து முடிவு பண்ணிக்கலாம், டிக்கெட்டும் ரூமும் அவங்கவங்க போட்டுக்கலாம். அத்தை செலவு என்னுது." இதில் யாரையும் குறை சொல்லவில்லை, வீட்டுக் கஷ்டம் என்று பொய்க் காரணமும் இல்லை. மாமியார் செலவை நீங்கள் ஏற்பது நல்ல விஷயம், அது நீங்கள் விரும்பிக் கொடுப்பது, கணக்கிலும் சேர்த்தாகிவிட்டது. பழைய 51,000ஐ ஒருமுறை கேளுங்கள், தேதி போட்டு. வராவிட்டால் அதைக் கொடுத்ததாக நினைத்து முடித்துக்கொள்ளுங்கள், ஆனால் அதன் மேல் இன்னொரு ரூபாய் ஏறக் கூடாது. அவர் இந்த வருஷமே தன் குடும்பத்தோடு போகிறேன் என்றால் சந்தோஷமாக வழியனுப்புங்கள்.

அங்கிருந்து தங்கச் செயின் வாங்கி வரச் சொல்லி சகலை கேட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதற்கும் இதே பதில்தான். சுங்கத்தில் நகைக்கான சலுகை ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்து திரும்புபவர்களுக்குத்தான். ஐந்து நாள் போய் வருபவர் தங்கம் வாங்கி வந்தால் வரி கட்ட வேண்டி வரலாம், அதையும் உங்கள் கார்டில்தான் தேய்க்கச் சொல்வார்.

விசா விதி மாறிக்கொண்டே இருப்பதால் டிக்கெட் எடுக்கும் முன் தாய்லாந்துத் தூதரகப் பக்கத்தைப் பாருங்கள். 2025 மே முதல் எல்லோரும் டிஜிட்டல் வருகை அட்டை நிரப்ப வேண்டும், இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள். அரசுத் தளத்தில் அது இலவசம், காசு கேட்கும் தளம் எதுவும் அரசுத் தளம் அல்ல. காப்பீட்டுப் படிவத்தில் மாமியாரின் கண் ஆபரேஷனையும், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். பிரீமியம் கொஞ்சம் கூடும், அதற்கும் சேர்த்துத்தான் 6,000 போட்டிருக்கிறேன்.