கம்பெனி கலைப்பு வழக்கில் செலவு யார் தலையில் விழும்? – கேள்வி பதில்

ஈரோடு, நூல் வணிகர்: ஒரு துணி நிறுவனம் எனக்கு 1 கோடியே 20 லட்சம் ரூபாய் தரவேண்டும். கலைப்பு மனு போட்டு வென்றால் வக்கீல் கட்டணம் முழுவதும் திரும்பக் கிடைக்குமா?

முழுவதும் கிடைக்கும் என்று எண்ணி இறங்காதீர்கள். கடனைக் கட்ட இயலாத கம்பெனி மீதான வழக்கு 2016 இறுதியிலேயே உயர்நீதிமன்றத்தின் கலைப்பு மனுவிலிருந்து நொடிப்பு மற்றும் திவால் சட்டத்துக்கு மாறிவிட்டது. உங்களைப் போன்றவர்கள் 9ஆம் பிரிவின்படி தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்கே போகவேண்டும். மனுக்கட்டணம் 2,000 ரூபாய்தான். தோற்றவர் செலவு தரவேண்டும், தரவேண்டாம் என்றால் நீதிமன்றம் காரணத்தை எழுதவேண்டும் என்பது உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 35ஆம் பிரிவு. தீர்ப்பாயம் அச்சட்டத்துக்குக் கட்டுப்பட்டதன்று. எனினும் அதே கோட்பாட்டைத் தன் விருப்புரிமையில் பின்பற்றலாம். சேலம் வழக்கறிஞர் சங்க வழக்கில் 2005இல் உச்சநீதிமன்றம், செலவுத்தொகை உண்மையாகவும் நியாயமாகவும் ஆன செலவாக இருக்கவேண்டும் என்றும், செலவிட்ட நேரம், போக்குவரத்து, தங்குமிடம் ஆகியவையும் அதில் சேரும் என்றும் கூறியது. ஆகவே ஒவ்வொரு ரசீதையும் பத்திரப்படுத்துங்கள்.

கோயம்புத்தூர், உதிரிபாக உற்பத்தியாளர்: மனு போடும் முன் கடனைக் கேட்டு அனுப்பும் நோட்டீஸைக் கண்டதுமே பணம் தந்துவிடுகிறார்கள். செலவுக்குப் பயந்து இந்த ஆயுதத்தை ஏன் கைவிடவேண்டும்?

இதை ஆயுதம் என்று நினைப்பதைத்தான் நான் எப்போதும் எச்சரிக்கிறேன். உண்மையான தகராறு உள்ள கடனை வசூலிக்கக் கலைப்பு மனு முறையான வழியன்று என்பதை உச்சநீதிமன்றம் 1965இல் சென்னையிலிருந்து சென்ற வழக்கிலும், பின்னர் 1971இல் மது உல்லன் வழக்கிலும் நிலைநாட்டியது. திவால் சட்டத்திலும் 2017இன் மொபிலாக்ஸ் தீர்ப்பு அதையே உறுதிசெய்தது.

ஓர் உதாரணம்: சரக்கு இறங்கிய மூன்றாம் வாரத்தில், நூலின் முறுக்கு குறைவு என்று பரிசோதனை அறிக்கையோடு வாங்கியவர் கடிதம் எழுதியிருக்கிறார். அதை மறைத்து நீங்கள் நோட்டீஸ் அனுப்புகிறீர்கள். அந்த ஒரு தாளே மனுவைத் தள்ளிவிடப் போதும். அதை மறைத்தீர்கள் என்பதே செலவுத்தொகையைக் கூட்டும். கெட்ட எண்ணத்தோடு தொடுத்த வழக்கு என்று தெரிந்தால் திவால் சட்டத்தின் 65ஆம் பிரிவின்படி 1 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். அது செலவுத்தொகையன்று; எதிர்த்தரப்புக்கு வரும் பணமும் அன்று.

கோயம்புத்தூர், மீண்டும்: அப்படியானால் நியாயமான கடனைக் கேட்பவரும் பயப்படவேண்டுமா?

வேண்டாம். எதிர்க்கப்படாத கடனை, மனு தாக்கலான பிறகே கம்பெனி கட்டினால், மனு போட வைத்தவர்கள் அவர்களே. இங்கிலாந்து நீதிமன்றங்கள் அந்நிலையில் வழக்கமாக மனுதாரருக்குச் செலவு வழங்குகின்றன. நானும் அதைத்தான் நியாயம் என்று கருதுகிறேன்.

திருப்பூர், கம்பெனி இயக்குநர்: பணத்தைக் கட்டிய பிறகும் செலவு கேட்பது கொடுமையில்லையா?

எப்போது கட்டினீர்கள் என்பதே கேள்வி. நோட்டீஸ் தரும் பத்து நாளுக்குள் கட்டியிருந்தாலோ, தகராறை எழுத்தில் சொல்லியிருந்தாலோ உங்கள் பக்கம் நான் நிற்பேன். வாய்மொழியாகச் சொன்னேன் என்பதை எந்த அமர்வும் எளிதில் ஏற்காது.

மதுரை: வக்கீல் கட்டணம் முழுவதும் கிடைக்குமா?

ஈரோட்டு அன்பருக்கு எழுதியதைப் படியுங்கள்.

சென்னை, பங்குதாரர்: அண்ணன் தம்பிக்குள் தகராறு. கம்பெனியைக் கலைக்கும்படி நான் கேட்கிறேன். கம்பெனிப் பணத்திலேயே அண்ணன் வக்கீல் வைத்திருக்கிறார். சரியா?

சரியன்று. கம்பெனிச் சட்டத்தின் 271ஆம் பிரிவின் நியாயமும் சமத்துவமும் என்ற அடிப்படையில் நீங்கள் தொடுத்த வழக்கில் சண்டை பங்குதாரர்களுக்குள். கம்பெனி பெயரளவுக்கே தரப்பினர். ஆவணங்களைத் தாக்கல் செய்வதற்கு மேல் அதன் பணத்தைச் செலவிடக்கூடாது என்று உடனே தடை கேளுங்கள். தாமதித்தால் செலவழிந்த பணத்தைப் பின்னால் மீட்பது கடினம்.

விழுப்புரம்: பழைய கலைப்பு மனுவில் ஆணை பெற்ற, கடன் கொடுத்தவருக்கு அவர் செய்த செலவு கிடைக்குமா?

கிடைக்கும். 1959ஆம் ஆண்டு கம்பெனி (நீதிமன்ற) விதிகளின்படி, சொத்தைப் பாதுகாத்துத் திரட்டிய செலவு போக, மனுவுக்கு நீதிமன்றம் கணக்கிட்டு அனுமதித்த செலவே முதலில் வரும். ஆணை கடன் கொடுத்த எல்லாருக்கும் பயன்படுவதால் அந்த முன்னுரிமை.

சேலம்: கட்டணம் முழுவதும்...

மேலே இருமுறை எழுதிவிட்டேன்.

கோயம்புத்தூர், மூன்றாம் முறை: என் மனுவில் நீங்கள் உதாரணத்தில் சொன்னது போன்ற ஒரு கடிதத்தை இணைக்கவில்லை. இப்போது என்ன செய்வது?

மனு அனுமதிக்கப்படும் முன் தீர்ப்பாயத்தின் ஒப்புதலோடு திரும்பப் பெறலாம். எதிர்த்தரப்பு பதிலுரை தயாரிக்கும் முன்பே செய்யுங்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவர்கள் கணக்கு எழுதுவார்கள்.