ஸ்போர்ட்ஸ் காரில் தினமும் வேலைக்கு: வாசகர் கேள்வி – பதில்

பாளையங்கோட்டையில் வீடு, கங்கைகொண்டான் சிப்காட்டில் வேலை. பெங்களூரில் 2012 மாடல் ஆடி டிடி ஒன்று விலைக்கு வருகிறது. இன்னொரு கார் வைத்துக்கொள்ள வசதி கிடையாது. மழையோ வெயிலோ, இதை மட்டுமே நம்பி ஓட்ட முடியுமா?
– வாசகர், பாளையங்கோட்டை

முடியும். உங்கள் வழியில் பெரும்பகுதி மதுரை நான்குவழிச் சாலை. அங்கே இந்தக் காருக்கு ஒரு சிரமமும் இல்லை. வீட்டிலிருந்து அந்தச் சாலை ஏறும்வரை உள்ள தெருக்களும், கம்பெனி வாசலில் உள்ள சாய்தளமும்தான் தினமும் சோதிக்கும். காரைப் பார்க்கப் போகுமுன் அவற்றை டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

இந்தத் தலைமுறை 2 லிட்டர் டர்போ இஞ்சினில் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். முதலாவது டைமிங் செயின் டென்ஷனர், அதாவது இஞ்சினுக்குள் ஓடும் சங்கிலியை இறுக்கிப் பிடிக்கும் பாகம். காலையில் போய், பானெட்டைத் தொட்டு இஞ்சின் குளிர்ந்திருப்பதை உறுதி செய்துகொண்டு ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். சூடாக்கி வைத்திருந்தால் வேறு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். ஸ்டார்ட் ஆனதும் சில விநாடி கடகடவென்று சங்கிலிச் சத்தம் வந்தால் டென்ஷனர் தளர்ந்துவிட்டது. செயின் பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதும். இஞ்சினையே பிரிக்க வேண்டிவரும். இரண்டாவது, ஆயில் குடிப்பது. 1000 கிலோமீட்டருக்கு அரை லிட்டருக்கு மேல் குறைந்தால் பிஸ்டன் ரிங் வேலை காத்திருக்கிறது என்று வைத்துக்கொண்டு விலையைக் குறையுங்கள்.

6 கியர் இரட்டைக் கிளட்ச் பெட்டிக்கு 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்ட்டரும் மாற்ற வேண்டும். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கொள்ளுங்கள். நெரிசலில் ஊர்ந்து போய்ப் பாருங்கள். முதல் கியருக்கும் இரண்டாவதுக்கும் நடுவே உதறக் கூடாது. குவாட்ரோ, அதாவது நான்கு சக்கரத்துக்கும் சக்தி போகும் வண்டி என்றால் பின்சக்கரத்துக்குச் சக்தி அனுப்பும் கப்ளிங்குக்குத் தனி ஆயில் உண்டு. பலரும் மறந்துவிடுவது அதைத்தான்.

வேறு மாநில வண்டி என்பதால் படிவம் 28-இல் தடையின்மைச் சான்று வாங்கி, இங்கே கொண்டுவந்த 12 மாதத்துக்குள் தமிழ்நாட்டுப் பதிவெண் எடுக்க வேண்டும். ஆயுள்வரி எவ்வளவு வரும் என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்ட பிறகே விலை பேசுங்கள்.

ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் இக்னிஷன் காயில் ஒன்று டிக்கியில் எப்போதும் கிடக்கட்டும். நான்கில் ஒன்று போனாலும் இஞ்சின் உதறும், இஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னும். அப்படியே ஓட்டினால் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதையும் கெடுத்துவிடும். காயிலைக் கழற்றி மாட்ட ஐந்து நிமிடம் போதும். பெரிய வேலைக்கு மதுரைக்கோ திருவனந்தபுரத்துக்கோ ஏறக்குறைய 150 கிலோமீட்டர் போக வேண்டிய ஊரில் இருக்கிறோம். சின்னச் சாமான் கையில் இருப்பது பெரிய நிம்மதி.

அண்ணாச்சி, எங்க ஊர் ஸ்பீட் பிரேக்கர் ஒவ்வொண்ணும் ஒரு மேடு. குறுக்கால சாய்ச்சு ஏத்துனா அடி தட்டாதுங்காங்க. உண்மையா? ஸ்பிரிங்ல கட்டை வச்சு உயர்த்திரலாமா?
– வாசகர், களக்காடு

முறைப்படி போட்ட வேகத்தடை உங்கள் காரின் வயிற்றைத் தொடாது. இந்தியச் சாலைக் குழுமத்தின் அளவுப்படி வட்ட வடிவத் தடை 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம், 17 மீட்டர் ஆரம் கொண்ட வளைவு. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தூரத்தை அதாலேயே பெருக்கி, ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் வேண்டிய இடைவெளி கிடைக்கும். 2.47 மீட்டர் சக்கர இடைவெளி உள்ள காருக்கு 6.1-ஐ 136-ஆல் வகுத்தால் நாலரை சென்டிமீட்டர். எந்த ஸ்போர்ட்ஸ் காரும் அதைத் தாண்டி நிற்கும்.

தட்டுவதெல்லாம் ஊர்க்காரர்கள் சிமென்ட் கொட்டிப் போட்டவை. அகலம் ஒரு மீட்டர், உயரம் 15 சென்டிமீட்டர் என்று இருக்கும். நேராக ஏறினால் முன் சக்கரம் இறங்கியபின், பின் சக்கரம் ஏறும்வரை சுமார் ஒன்றரை மீட்டர் தூரத்துக்கு நான்கு சக்கரமும் தரையில், மேடு முழுவதும் வயிற்றுக்கு அடியில். 12 சென்டிமீட்டர் இடைவெளி உள்ள கார் அங்கே உரசாமல் என்ன செய்யும்?

குறுக்கே ஏற்றுவது இதனால்தான் பலிக்கிறது. பாதிச் சாய்வில், அதாவது 45 பாகையில் போனால், முன் இடது சக்கரம் மேட்டின் மேல் இருக்கும்போதே பின் வலது சக்கரமும் ஏறிவிடும். மேடு வயிற்றுக்கு அடியில் வரும் நேரத்தில் காரின் இரு எதிர்மூலைகளும் தூக்கி நிற்கும். சாய்வு குறையக் குறைய இந்தப் பலனும் குறையும். திரும்புமுன் கண்ணாடியைப் பாருங்கள். பின்னால் வரும் பைக்காரருக்கு நீங்கள் ஏன் குறுக்கே போகிறீர்கள் என்று தெரியாது.

பிரேக்கை மேட்டுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். மேட்டின் மேல் பிரேக் பிடித்தால் மூக்கு குத்தி, இருக்கிற இடைவெளியும் போகும். நான்கு பேர் ஏறினால் கார் இன்னும் இறங்கும். மோசமான தடை என்றால் பின்னால் இருப்பவரை இறக்கிவிட்டு ஏற்றுங்கள், கூச்சம் வேண்டாம். பலமாகத் தட்டிவிட்டால் அடுத்த நிழலில் நிறுத்திக் கீழே பாருங்கள். பல கார்களில் ஆயில் சம்ப், அதாவது இஞ்சின் ஆயில் தங்கும் அடித்தொட்டி, அலுமினியம். அது நசுங்காது, விரிசல் விடும். சிவப்பு ஆயில் விளக்கு எரிந்த பிறகு நூறு மீட்டர்கூட ஓட்டக் கூடாது.

கட்டை வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. விபத்தில் இன்ஷூரன்ஸ்காரர் அதைப் பிடித்துக்கொள்வார். உயர்த்திய காரில் ஆக்ஸில் கோணமும் கெடும், வளைவில் பிடிப்பும் போகும். அதற்குப் பதில் அந்தத் தடையின் அகலத்தையும் உயரத்தையும் அளந்து, படத்தோடு திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் அலுவலகத்தில் மனுவாகக் கொடுங்கள். ஆம்புலன்ஸில் போகும் பிள்ளைத்தாய்ச்சிக்கும் அதே மேடுதானே.

பிசான அறுவடை நேரத்தில் ரோட்டில் வைக்கோல் பரப்பியிருந்தார்கள். அதன்மேல் ஓட்டிவந்தேன். வீட்டுக்கு வந்ததும் கருகல் வாடை. பழைய காரில் இப்படி வந்ததே இல்லை.
– வாசகர், சேரன்மகாதேவி

அலட்சியம் செய்யாமல் எழுதியது நல்லது. உயரமான காரில் வைக்கோல் கீழே நழுவிப் போய்விடும். தாழ்ந்த காரில் அதைக் கார் வாரிக்கொண்டு போகும். எக்ஸாஸ்ட் குழாய்க்கும் அடிமூடிக்கும் நடுவே திணிந்துவிடும். ஓடிவந்த காரில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் உட்சூடு 400 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். ஓடும்வரை காற்று சூட்டைக் கொண்டுபோகும். நிறுத்தியதும் காற்றும் இல்லை, சூடும் இறங்காது. நிறுத்திய பிறகும், வீட்டு போர்ட்டிகோவில்கூட, தீப்பிடிக்கலாம்.

களம் போட்ட ரோடு என்றால் ஓரத்தில் நிறுத்தி, பரப்பியவரிடமே கொஞ்சம் ஒதுக்கித் தரச் சொல்லுங்கள், தட்ட மாட்டார்கள். வேறு வழியில்லாமல் ஏறிவிட்டால், தாண்டியதும் வைக்கோல் இல்லாத வெட்டவெளியில் நிறுத்தி, இஞ்சினை அணைத்து, குனிந்து பார்த்து, வளைந்த கம்பியால் இழுத்து எடுங்கள். சூடான குழாயைக் கையால் தொடாதீர்கள். அதன்மேல் தண்ணீரும் ஊற்றாதீர்கள், கன்வெர்ட்டருக்குள் இருக்கும் பீங்கான் வெடித்துவிடும். மானாவாரிப் பக்கம் உளுந்துச் செடி பரப்பும் தை, மாசியில் இன்னும் கவனம் வேண்டும். அந்தக் கொடி ஆக்ஸில் தண்டில் கயிறாகச் சுற்றி, ரப்பர் உறையைக் கிழித்துவிடும். கிழிந்த உறைக்குள் மண் போனால் சில வாரத்தில் ஜாயின்ட் டக் டக்கென்று சத்தம் கொடுக்கும். இரண்டு கிலோ தீயணைப்பான் ஒன்று டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் கை எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

டயர் பக்கவாட்டில் முட்டை மாதிரி புடைத்திருக்கிறது. காற்று இறங்கவில்லை. ஓட்டலாமா? ஸ்டெப்னியும் இல்லாத கார்.
– வாசகர், அம்பாசமுத்திரம்

ஓட்டக் கூடாது. குழியில் இறங்கியபோது ரிம்மும் குழி விளிம்பும் டயரை நசுக்கி, பக்கச்சுவரின் உள் நூல்கள் அறுந்துவிட்டன. இப்போது காற்றைத் தாங்குவது வெறும் ரப்பர். நான்குவழிச் சாலையின் வேகத்திலும் சித்திரை வெயிலிலும் அது எப்போது வெடிக்கும் என்று சொல்ல முடியாது. ஒட்டுப் போட்டு இதைச் சரிசெய்யவும் முடியாது.

மறுபடி நடக்காமலிருக்க ரிம்மை ஒரு அங்குலம் குறைக்கலாம். 245/40 ஆர் 18 டயரின் பக்கச்சுவர் 98 மில்லிமீட்டர். 245/45 ஆர் 17-இல் 110. மொத்த விட்டம் இரண்டிலும் ஏறக்குறைய 65 சென்டிமீட்டர்தான், ஸ்பீடோமீட்டர் பிசகாது. கூடுதல் 12 மில்லிமீட்டர் ரப்பர் நம் ஊர்க் குழிக்குப் பெரிய பாதுகாப்பு. உங்கள் மாடலுக்குத் தயாரிப்பாளர் 17 அங்குலத்தை அனுமதித்திருக்கிறாரா, பிரேக் காலிப்பர் உள்ளே அடங்குமா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். தரை இடைவெளி இதனால் கூடாது. கூடும் என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள்.

காற்றைக் காலையில் ஓட்டுமுன் பிடியுங்கள். 5, 6 டிகிரி சூடு ஏறினால் ஏறக்குறைய ஒரு பி.எஸ்.ஐ. கூடும். அதைப் பார்த்து மதியம் காற்றை இறக்கினால் மறுநாள் காலை குறைவாக நிற்கும். காற்று குறைந்திருந்தால் குழியில் டயர் எளிதில் நசுங்கிப் புடைக்கும். டயரில் உள்ள நான்கு இலக்கத்தையும் படியுங்கள்: 3523 என்றால் 2023-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் செய்தது. ஸ்டெப்னிக்குப் பதில் கொடுக்கும் பசை டப்பா ஆணிக்குத்தான் உதவும், பக்கச்சுவர் கிழிந்தால் உதவாது. அம்பையிலிருந்து பாபநாசம் பக்கம் அடிக்கடி போகிறவர் மெலிந்த ஸ்டெப்னி ஒன்றை டிக்கியில் போட்டுக்கொள்வதே நல்லது.

மழைக்காலத்தில் எவ்வளவு தண்ணீர் வரை போகலாம்?
– வாசகர், மீனாட்சிபுரம், திருநெல்வேலி ஜங்ஷன்

கணுக்காலுக்கு மேல் என்றால் திரும்பிவிடுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் ஜங்ஷன் எப்படிக் கிடந்தது என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். தாழ்ந்த கார்களில் இஞ்சினுக்குக் காற்று எடுக்கும் வாய் முன்கிரில்லுக்குப் பக்கத்திலேயே இருக்கும். எதிரே பஸ் வந்தால் அதன் அலையே போதும். தண்ணீர் சிலிண்டருக்குள் போனால் அது அமுங்காது. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளைந்துவிடும்.

தண்ணீரில் நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. தள்ளி மேட்டில் ஏற்றி, பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றுங்கள். மெக்கானிக் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, தண்ணீரை வெளியேற்றி, ஆயில் பால் காப்பி நிறத்தில் இருக்கிறதா என்று பார்த்து மாற்றிய பின்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். இஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் காப்பீட்டை ஐப்பசிக்கு முன்பே எடுத்துவிடுங்கள். சாதாரண பாலிசியில், தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து கெட்ட இஞ்சினுக்குப் பணம் கிடைப்பது கடினம்.

மாஞ்சோலைக்கு இந்தக் காரில் ஏறலாமா?
– வாசகர், வள்ளியூர்

வேண்டாம். மணிமுத்தாறு அணை வரை போய்விட்டுத் திரும்புங்கள்.

வெளிநாட்டு வேலை. கார் வருடத்தில் இரண்டு மாதம்தான் ஓடும், மீதி நாள் ஷெட்டில். வந்து பார்த்தால் ஒவ்வொரு முறையும் ஏதாவது கோளாறு.
– வாசகர், திசையன்விளை

இந்தக் காருக்கு ஓட்டத்தைவிட நிறுத்தம்தான் கெடுதல். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றின் ஈரத்தை இழுக்கும். பழைய கார்களின் ரப்பர் குழாய்களையும் அரிக்கும். உங்கள் பக்கம் கடல் உப்புக்காற்று வேறு. போகுமுன் டேங்கை நிரப்பிவிட்டுப் போங்கள். காலி இடம் குறைந்தால் உள்ளே ஈரமும் குறையும். அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவிக் காயவைத்து நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் போடாமல் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள், இல்லையென்றால் பேட் டிஸ்க்கோடு ஒட்டிக்கொள்ளும். பேட்டரிக்குத் தானே நின்று தானே ஏற்றும் சார்ஜர் மாட்டுங்கள், 12.6 வோல்ட் முழு நிறைவு, 12.2 என்றால் பாதி. எலிக்கு வழி விடாதீர்கள்.

நம்பிக்கையான ஒருவர் இருந்தால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை உவரி வரை போய்வரச் சொல்லுங்கள். ஷெட்டிலேயே ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது உதவாது. ஆயில் சூடேறாமல் ஈரம் உள்ளேயே தங்கும்.

என் மகன் இப்படி ஒரு கார் வாங்கியிருக்கிறான். ஆஸ்பத்திரிக்கு அதில்தான் கூட்டிப் போகிறான். எனக்கு மூட்டுவலி. ஏறி இறங்குவதற்குள் உயிர் போகிறது.
– வாசகி, பேட்டை

அம்மா, காலை முதலில் உள்ளே வைக்காதீர்கள். காருக்கு முதுகைக் காட்டி நின்று, சீட்டில் முதலில் உட்காருங்கள். பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்புங்கள். சீட்டில் வழுவழுப்பான துணி ஒன்று விரித்திருந்தால் திரும்புவது எளிது. இறங்கும்போது இரண்டு காலையும் சேர்த்து வெளியே வைத்து, மகனின் முழங்கையைப் பிடித்து எழுங்கள். கதவைப் பிடிக்க வேண்டாம், அது ஆடும். நடைபாதைக் கல்லை ஒட்டி நிறுத்தாமல், கால் ஊன்ற ஒரு முழம் இடம்விட்டு நிறுத்தும்படி மகனிடம் சொல்லுங்கள். சீட்டை உயர்த்தும் நெம்புகோல் பக்கத்திலேயே இருக்கும். உங்களுக்காக அதைக் கடைசிவரை ஏற்றி வைக்கட்டும். பின்சீட்டில் மட்டும் ஏறாதீர்கள்.