நீந்தத் தெரியாது, குளத்தில் இறங்கலாமா?

கேள்வி: டாக்டர், எனக்கு 64 வயது. தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன். எடை 86 கிலோ. சுகருக்கு மெட்ஃபார்மினும் கிளிமெப்பிரைடும், பிரஷருக்கு அடெனலாலும் சாப்பிடுகிறேன். இரண்டு முட்டியும் தேய்ந்திருக்கிறது என்று எக்ஸ்ரே பார்த்துச் சொன்னார்கள். கணவர் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. கோயிலைத் தவிர எங்கும் போவதில்லை. இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் பிறகு தூக்கம் கிடையாது. மருமகள் வாட்டர் ஏரோபிக்ஸ் (நீச்சல் குளத்தில் நின்று செய்யும் உடற்பயிற்சி) வகுப்பில் சேர்த்துவிடுகிறேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். எனக்கு நீந்தத் தெரியாது, தண்ணீரைக் கண்டாலே நெஞ்சு அடிக்கிறது. இந்த உடம்போடு அந்த உடுப்பில் நிற்கவும் கூச்சமாக இருக்கிறது. இந்த வயதில் இது தேவையா?

பதில்: என் ஓட்டு மருமகளுக்குத்தான், அக்கா. உங்களைவிட இரண்டு மூன்று வயது இளையவன் நான், அந்த உரிமையில் அக்கா என்கிறேன்.

முதலில் அந்தப் பயம். நிறவெறி ஆட்சியில் இனத்துக்கு இனம் தனித்தனி இடம் என்று ஒதுக்கிய சட்டம் 1953இல் வந்து 1990இல்தான் போனது. அது போகும்போது நீங்கள் முப்பதை நெருங்கியிருப்பீர்கள். நீந்தப் பழகுகிற வயதில் நமக்கென்று விட்ட குளங்கள் எத்தனை, சொல்லுங்கள்? என் அம்மா கடலுக்கு வந்தால் மணலில் உட்கார்ந்து கால் நனைப்பதோடு சரி. நாங்கள் முழங்கால் ஆழத்தைத் தாண்டினால் கத்துவார். அந்தத் தலைமுறைப் பெண்களில் பாதிப்பேர் என் அறையில் உட்கார்ந்து "தண்ணி வேணாம் டாக்டர்" என்றுதான் சொல்கிறார்கள். இதில் நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தவிர, இந்த வகுப்பில் யாரும் நீந்துவதில்லை. நெஞ்சளவுத் தண்ணீரில், கால் தரையில் ஊன்றித்தான் எல்லாம் நடக்கும். தலை நனையத் தேவையில்லை. முதல் நாள் படியில் உட்கார்ந்து காலை மட்டும் போட்டுவிட்டு வந்தாலும் போதும். இரண்டாம் நாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடங்கள். பயமாக இருக்கிறது என்று சொல்லித்தருபவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள், கரையோரமாகவே நிறுத்திக்கொள்வார்.

முட்டிக்கு வருவோம். இடுப்பளவுத் தண்ணீரில் நின்றால் கால் தாங்கும் எடை ஏறக்குறைய பாதியாகிவிடும். நெஞ்சளவில் மூன்றில் ஒரு பங்குதான். 86 கிலோ அங்கே 30 கிலோவுக்குள் வந்துவிடுகிறது. தரையில் பத்து அடி நடக்க வலிக்கிற முட்டி, தண்ணீரில் கால் மணி நேரம் நடக்கும். மெதுவாகத் தள்ளினால் தண்ணீர் வழிவிடும், வேகமாகத் தள்ளினால் எதிர்த்துத் தள்ளும். அதனால் பாரத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் கையில்தான் இருக்கிறது. முன்னால், பின்னால், பக்கவாட்டில் நடப்பதும், கம்பியைப் பிடித்துக் காலை உயர்த்துவதும் ஆரம்பத்துக்குப் போதும். வாரம் இரண்டு நாள், பதினைந்து நிமிடத்தில் தொடங்குங்கள்.

அதிசயம் எதிர்பார்க்க வேண்டாம். முட்டி, இடுப்புத் தேய்மானத்துக்கு நீர்ப் பயிற்சி பற்றிய 13 ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் குழு 2016இல் சேர்த்துப் பார்த்தது. வலியும் முடக்கமும் கொஞ்சம் குறைந்தன, ஆனால் அந்தப் பலன் குறுகிய காலத்துக்குத்தான் தெரிந்தது. விட்டால் போய்விடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எலும்பு உறுதிக்கும் தண்ணீர் மட்டும் போதாது. வலி குறைந்ததும் தரையில் கொஞ்சம் நடந்தே ஆகவேண்டும்.

உங்கள் விஷயத்தில் எனக்கு உண்மையான கவலை மாத்திரைகள்தான். கிளிமெப்பிரைட் சுகரை மிகவும் இறக்கிவிடக்கூடியது. இறங்கும்போது நெஞ்சு படபடக்கும், வேர்க்கும். ஆனால் அந்தப் படபடப்பை அடெனலால் அமுக்கிவிடும். வேர்வையோ தண்ணீருக்குள் தெரியாது. இரண்டு எச்சரிக்கை மணியும் ஒரே நேரத்தில் ஊமையாகிவிடுகின்றன. ஆகவே இறங்குவதற்கு முன் விரலைக் குத்திப் பாருங்கள். 5.6 மில்லிமோலுக்குக் (மில்லிகிராம் கணக்கில் 100க்குக்) கீழே இருந்தால் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுச் சற்றுப் பொறுத்து மறுபடி பாருங்கள். புரட்டாசி விரதம் இருக்கிற நாளில் வகுப்பு வேண்டாம். சர்க்கரையோ குளுக்கோஸோ பையில் அல்ல, குளத்துக் கரையில், கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். தலை லேசாகச் சுற்றினாலும் பேச்சு குழறினாலும் உடனே வெளியே வரவேண்டும். பக்கத்தில் நிற்பவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

நாடித் துடிப்பை எண்ணி வேகத்தை அளக்காதீர்கள். தண்ணீரும் அதைக் குறைக்கும், மாத்திரையும் குறைக்கும். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் அந்த வேகம் சரி. தண்ணீரின் அழுத்தத்தால் சிறுநீர் அதிகம் பிரியும், எனவே போய்விட்டு இறங்குங்கள், முடிந்ததும் தண்ணீர் குடியுங்கள். ஏறும்போது எடை மொத்தமும் சட்டென்று திரும்ப வரும், சிலருக்குத் தலை கிறுகிறுக்கும். கம்பியை விடாமல் மெல்ல ஏறுங்கள். பாதத்தில் புண் இருந்தால் ஆறும்வரை இறங்கவே கூடாது. புண் இல்லாவிட்டாலும் ரப்பர் செருப்பு போட்டே நடங்கள். சுகர்க்காரருக்குக் கீறல் பட்டதே தெரியாமல் போகலாம். படுத்தால் மூச்சு முட்டினாலோ, நடக்கும்போது நெஞ்சு இறுகினாலோ, முதலில் உங்கள் டாக்டரைப் பாருங்கள், குளம் பிறகு.

கடல் உங்களுக்கு வேண்டாம். அலை ஒரு பக்கம். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு கழிவுநீர் கலந்து நம் கடற்கரைகள் மூடிக் கிடந்தது நினைவிருக்கும். ஜூன், ஜூலை நமக்குக் குளிர்காலம், திறந்தவெளிக் குளமும் விறைக்கும், முட்டி மேலும் பிடித்துக்கொள்ளும். சூடேற்றிய குளமாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி மூன்று மணி விழிப்பு. உடலை அசைத்தால் தூக்கமும் மனநிலையும் தேறும் என்பது உண்மை. வாரம் இரண்டு நாள் "இன்னிக்கு ஏன் லேட்?" என்று கேட்க நாலு பேர் இருப்பதும் உங்களுக்கு மருந்துதான். கணவரை நினைத்து அழுகை வந்தால் வரட்டும், ஒன்றரை வருடம் பெரிய காலம் இல்லை. ஆனால் எதிலும் பிடிப்பில்லாமல், சாப்பாடு இறங்காமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனாலோ, இருந்து என்ன பயன் என்ற நினைப்பு ஒருமுறை வந்தாலும்கூட, வகுப்பை நம்பிக் காத்திருக்காதீர்கள். அதற்குத் தனியாக வைத்தியம் உண்டு. மருமகளிடமும் மறைக்காதீர்கள்.

உடுப்புக்கு வழி இருக்கிறது. முழங்கால்வரை லெக்கிங்ஸ், மேலே கைவைத்த நீச்சல் சட்டை. கடையில் கிடைக்கும். பருத்தி வேண்டாம், நனைந்தால் கனத்துக் காலைச் சுற்றும். கரையிலிருந்து நான்கு அடி நடக்கிறவரைதான் கூச்சம். இறங்கிவிட்டால் நெஞ்சுக்குக் கீழே யாருக்கும் ஒன்றும் தெரியாது.