உங்கள் இ.பி. பில்லில் எத்தனை டன் கரியமில வாயு?

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிறேன். மாதம் 40,000 யூனிட் மின்சாரம் ஆகிறது. உடுமலைப் பக்கம் சொந்தக் காத்தாடி இருப்பதால், சராசரியாக 25,000 யூனிட் பில்லில் கழிகிறது. மின்சாரத்தால் எவ்வளவு கரியமில வாயு வெளியாகிறது என்று வெளிநாட்டு பையர் கேட்கிறார். காற்றாலை அதிகமுள்ள நம் மாநிலத்துக்கென்று, யூனிட்டுக்கு இத்தனை கிலோ வாயு என்று ஒரு குறைந்த எண்ணைக் கணக்கிட்டுக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாங்க. நாடு முழுவதற்குமான எண்ணையே போடுங்கள். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் - சோலாப்பூர் லைன் வழியாகத் தென்மாநில கிரிட் (மின்தொகுப்பு) நாட்டின் மற்ற கிரிட்டோடு இணைந்துவிட்டது. அதற்கு முன்பு தெற்குக்குத் தனி எண் இருந்தது, இப்போது இல்லை. ஆடி மாதம் பல்லடத்திலும் உடுமலையிலும் காத்தாடிகள் சுழலும்போது அந்த மின்சாரம் மாநில எல்லையில் நிற்பதில்லை. காற்று அடங்கியபின், ஒடிசாவின் தால்சேரில் நிலக்கரி எரித்து எடுத்த மின்சாரம் கோலார் வழியாகத் தெற்கே வருகிறது. உங்கள் தையல் மெஷினை ஓட்டுவது இதில் எது என்று பிரித்துச் சொல்லவே முடியாது.

மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் இந்த எண்ணை வெளியிடுகிறது. 2023-24க்கு அது யூனிட்டுக்கு 0.727 கிலோ. சிலர் இன்னும் பழைய 0.82-ஐயே போட்டுக்கொண்டிருக்கிறார்கள். எந்த ஆண்டின் பில்லோ அந்த ஆண்டின் எண்தான் சரி.

இந்த எண் எப்படி வருகிறது? மேட்டூரை எடுத்துக்கொள்ளுங்கள். 840 மெகாவாட் பழைய அனல் நிலையம், பக்கத்தில் 600 மெகாவாட் புதியது. எரித்த நிலக்கரி எவ்வளவு, அதன் வெப்பம் எவ்வளவு என்பதிலிருந்துதான் கணக்குப் போடுகிறார்கள். ஒரு கிலோ கார்பன் முழுதாக எரிந்தால் சுமார் 3.67 கிலோ கரியமில வாயு. பழைய நிலையத்தில் ஒரு யூனிட் எடுக்க ஏறத்தாழ 2,500 கிலோ கலோரி வெப்பம் வேண்டும் என்று வைத்தால், ஒரு கிலோ வாயு வந்துவிடும். அப்புறம் கரி அரைக்க, விசிறி, பம்பு ஓட்ட என்று நிலையமே கொஞ்சம் மின்சாரத்தைத் தின்றுவிடும். அதைக் கழித்து, வெளியே வரும் யூனிட்டுக்குக் கணக்கிட்டால் ஒரு கிலோவைத் தாண்டும். இதனுடன் அணு, நீர், காற்று, சூரிய மின்சாரத்தையும் சேர்த்து நாடு முழுவதற்கும் சராசரி பார்க்கும்போதுதான் 0.727 ஆகிறது.

மாநிலத்தின் கணக்கைத் தொடர்ந்து பார்ப்பதும் அவசியம்தான். நம் காற்றுக்கு அதில் உரிய இடம் கிடைக்க வேண்டும் என்பதே என் ஆசையும். ஆனால் இங்கே உற்பத்தியாவது வேறு, இங்கே செலவாவது வேறு. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எரித்து எடுக்கும் மின்சாரத்தில் அண்டை மாநிலங்களுக்கும் பங்கு உண்டு. அந்தப் புகை முழுவதையும் தமிழ்நாட்டு நுகர்வோர் தலையில் கட்டினால் தப்பு. வெளியிலிருந்து வாங்கும் நிலக்கரி மின்சாரத்தைச் சேர்க்காமல் விட்டாலும் தப்பு. இரண்டையும் தனித்தனியாகக் காட்டாத மாநிலக் கணக்கை நம்பாதீர்கள்.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். பையரிடம் இரண்டு எண்கள் கொடுங்கள். முதலாவது, கிரிட் கணக்கு: 40,000 யூனிட்டை 0.727-ஆல் பெருக்கினால் மாதம் சுமார் 29 டன். இதில் காத்தாடியைக் கழிக்கக் கூடாது. இரண்டாவது, ஒப்பந்தக் கணக்கு, அதாவது எந்த மின்சாரம் உங்கள் பெயரில் வருகிறது என்று பார்ப்பது: காத்தாடி யூனிட் போக மீதி 15,000. அதற்கு சுமார் 11 டன். ஒன்றை மறைத்து மற்றதை மட்டும் கொடுத்தால் ஆடிட்டில் கேள்வி வரும்.

காத்தாடி உற்பத்திக்குப் பசுமைச் சான்றிதழ் (இது புகையில்லா மின்சாரம் என்று சொல்லும், விற்கக்கூடிய சான்று) வாங்கி விற்றிருந்தால் அந்த யூனிட்டுகளை இரண்டாவது கணக்கிலும் கழிக்க முடியாது. அந்தப் பெருமையை வாங்கியவருக்குக் கொடுத்தாயிற்று. இந்த இடத்தில்தான் பலர் தெரியாமலே தவறுகிறார்கள்.

ஜெனரேட்டர் டீசல் தனித் தலைப்பு, லிட்டருக்கு சுமார் 2.68 கிலோ. மின்சாரத்தோடு கலக்காதீர்கள்.

பன்னிரண்டு மாத பில்லும், காத்தாடி யூனிட் கழித்த கணக்குத் தாளும் சேர்த்து அனுப்புங்கள். ஆணையத்தின் ஆண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை. பையர் ஜனவரி முதல் டிசம்பர் வரை கேட்கிறாரா என்று முதலிலேயே விசாரித்துவிடுங்கள்.