ஆடிட்டரிடம் போகும் முன் அப்பாவின் லேத்தைக் கவனியுங்கள்

கேள்வி: கோவையில் 2021-இல் பிரைவேட் லிமிடெட் நிறுவனம் தொடங்கி, பம்ப் கட்டுப்பாட்டுக் கருவி தயாரிக்கிறோம். ஸ்டார்ட்அப் அங்கீகாரம் கிடைத்துவிட்டது. வருமான வரிச் சட்டத்தின் 80-ஐஏசி பிரிவு ஸ்டார்ட்அப்களுக்குத் தரும் வரிவிலக்குக்கு விண்ணப்பிக்க ஆடிட்டரைப் பார்க்கப் போகிறேன். என்ன எடுத்துச் செல்ல வேண்டும்? சில இயந்திரங்கள் அப்பாவின் பட்டறையிலிருந்து வந்தவை.

பதில்: அங்கீகாரம் வேறு, வரிவிலக்கு வேறு. விலக்குக்கு மத்திய அரசின் அமைச்சகங்களுக்கு இடையிலான வாரியத்தின் சான்றிதழ் தனியாக வேண்டும். அது கிடைத்தால், நிறுவனம் தொடங்கிய முதல் பத்து ஆண்டுகளில் நீங்கள் தேர்ந்தெடுக்கும் தொடர்ச்சியான மூன்று ஆண்டுகளின் லாபம் முழுவதும் வரிக்குரிய வருமானத்திலிருந்து கழிக்கப்படும்.

அப்பாவின் இயந்திரங்களைக் கடைசி வரியில் போகிறபோக்கில் சொல்லிவிட்டீர்கள். எனக்குக் கவலை அதில்தான். ஏற்கெனவே நடந்துவந்த தொழிலைப் பிரித்தோ மாற்றியமைத்தோ உருவான நிறுவனத்துக்கு இச்சலுகை இல்லை. பயன்படுத்திய பழைய இயந்திரங்களின் மதிப்பும் மொத்த இயந்திர மதிப்பில் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. எனவே முதலில் இயந்திரப் பட்டியலைத் தயாரியுங்கள்: எது புதிது, எது அப்பாவிடமிருந்து வந்தது, என்ன மதிப்பில், எந்த பில்லில். பில்லே இல்லாமல் வந்த லேத் இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். அப்பாவின் வாடிக்கையாளர்களும் தொழிலாளர்களும் அப்படியே உங்களிடம் வந்திருந்தால் அதையும் ஆடிட்டரிடம் சொல்லிவிடுங்கள்.

அடுத்து, 22 சதவீதக் குறைந்த வரி விகிதத்தைத் தேர்ந்தெடுப்பதற்கான 10-ஐசி படிவம் ஏற்கெனவே தாக்கல் செய்யப்பட்டதா என்று பாருங்கள். செய்திருந்தால் இந்தக் கழிவு கிடைக்காது. அந்தத் தேர்வைத் திரும்பப் பெறவும் முடியாது. அப்படியானால் மற்ற காகிதங்களைத் தேடவே வேண்டாம்.

கணக்குக் காகிதங்கள் வழக்கமானவைதான்: நிறுவன ஒப்பந்த ஆவணம், கடந்த மூன்று ஆண்டுகளின் தணிக்கை அறிக்கைகள், வருமான வரிக் கணக்குகள், பங்குதாரர் பட்டியல், இயக்குநர் குழுத் தீர்மானம். ஆனால் கம்பெனி பதிவாளரிடம் கொடுத்த கணக்கில் உள்ள தொகைகளும் வரிக் கணக்கில் உள்ள தொகைகளும் ஒன்றா என்று நீங்களே ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள். முதலீட்டாளருக்குக் காட்டிய விளக்கப்படத்தில் விற்பனையைக் கொஞ்சம் ஊதியிருப்பீர்கள், பலரும் ஊதுகிறார்கள். விண்ணப்பத்தோடு அதையும் கேட்பார்கள்.

உங்கள் கருவியில் புதுமை என்ன என்பதை ஆடிட்டர் எழுத முடியாது. காப்புரிமை விண்ணப்பம், சோதனை முடிவுகள், சந்தையில் உள்ள கருவிகளோடு ஒப்பீடு ஆகியவற்றைச் சேர்த்து, இரண்டு பக்கத்தில் நீங்களே எழுதுங்கள். ‘புரட்சிகரமான தொழில்நுட்பம்’ வேண்டாம். மின்சாரம் எவ்வளவு மிச்சமாகிறது என்று அளந்து காட்டுங்கள்.